இலுப்பை நிழலில் எழுந்த கதையுலகம்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியின் கரையில் அமைந்த சிற்றூர் கொழும்புத்துறை. அவ்வூரில் நின்ற இலுப்பை மரமொன்றின் அடியில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒருவர் வந்து அமர்ந்தார். வெயிலும் மழையும் அவரை அசைக்கவில்லை. ஈழத்துச் சித்தர் வரிசையில் வைத்துப் போற்றப்படும் யோகர் சுவாமிகளே அவர். அப்பெரியாரின் வாழ்க்கையைப் பலரும் எழுதியுள்ளனர். ஒரு மனிதரைச் சுற்றிக் கதையுலகம் ஒன்று எவ்வாறு எழுகின்றது என்னும் நோக்கில் அவ்வாழ்வை ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.

இவ்வெண்ணத்தை என்னுள் தூண்டியது, இக்காலத்து இளைஞர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஒருவகைக் கதையாட்டம். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு முன்னோடி. ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேச்சினாலேயே கதையை நடத்துவர். பின்வந்த சில ஆட்டங்களில் உலகைப் படைப்பதே ஆட்டமாயிற்று. 2011இல் வந்த 'மைக்ரோஸ்கோப்' என்பதிலே பகடையும் இல்லை, நடத்துநரும் இல்லை. ஆளுக்கொரு நிகழ்ச்சியைச் சொல்லி, ஊழிகள் பல கொண்ட நெடிய வரலாற்றை எல்லோருமாகப் புனைவர். ஒருவர் நாட்டியதை மற்றவர் இல்லையென்று மறுத்தல் ஆகாது என்பது அதன் அடிப்படை விதி. அவ்விதியை அறிந்தபொழுது என் நினைவு கொழும்புத்துறைக்குச் சென்றது. புராணம் வளரும் முறையும் அதுவே அன்றோ?

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் மாவிட்டபுரத்தில் பிறந்தார். சதாசிவன் என்பது பிள்ளைப் பெயர். பின்னர் யோகநாதன் என்னும் பெயர் நிலைத்தது. இளமையிலேயே தாயை இழந்த அவரைக் கொழும்புத்துறையில் உறவினர் வளர்த்தனர். சம்பத்திரிசியார் கல்லூரியில் கற்றுத் தேறியபின், கிளிநொச்சியை அடுத்த இரணைமடுவில், நீர்ப்பாசன வேலைத்தலத்தின் பண்டகசாலைக் காப்பாளராகப் பணிபுரிந்தார். காடும் குளமும் சூழ்ந்த அத்தனிமையிலே பகலில் கணக்கும் இரவில் தியானமுமாக ஆண்டுகள் பல கழிந்தன. 1897இல் விவேகானந்த அடிகள் யாழ்ப்பாணம் வந்து பேசியபொழுது, கேட்டோருள் இவ்விளைஞரும் ஒருவர்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளில், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளைக் கண்டார். ஊரார் கண்ணுக்குச் செல்லப்பர் பித்தர். தமக்குத் தாமே பேசுவார், அணுகுவோரை ஏசித் துரத்துவார். உலகம் தம்மை நெருங்காதிருக்க அவர் ஏற்ற வேடம் அது என்பதை இளைஞர் உணர்ந்துகொண்டார். உத்தியோகத்தைத் துறந்தார், குருவின் பின் அலைந்தார், கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்று மீண்டார். அதன் பின்னரே இலுப்பை நிழல் அவருக்கு இல்லமாயிற்று. அன்பர் சிலர் அருகே ஒரு குடிலை அமைத்துக்கொடுக்க, இறுதிவரை அதுவே அவர் உறைவிடம்.

நீதிபதியும் கூலியாளும், ஆசிரியரும் வணிகரும் அக்குடிலுக்கு வந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு கதையோடு திரும்பினர். வாய் திறக்குமுன்னரே மனத்தில் இருந்ததைச் சொன்னார் என்பர் ஒருவர். ஒரே வேளையில் ஈரிடங்களில் தோன்றினார் என்பர் மற்றொருவர். அவர் வாய்ச்சொல்லால் நோய் நீங்கிற்று என்பர் வேறொருவர். ஒருவர் கதையை மற்றவர் மறுத்திலர். அதன்மேல் தம் கதையையும் வைத்தனர். இவ்வாறே அக்குடிலைச் சுற்றி ஒரு கதையுலகம் எழுந்தது.

அவ்வுலகுக்கு உடன்படாதவர் ஒருவர் உண்டெனின், அவர் சுவாமிகளே. புகழ்ந்து வந்தோரை ஏசி அனுப்பினார். குருவின் வேடத்தைச் சீடரும் ஓரளவு அணிந்துகொண்டார் எனலாம். தம் வரலாற்றைத் தாம் எழுதிவைத்திலர். அவ்வப்பொழுது பாடியவற்றை அருகிருந்தோர் குறித்துக்கொண்டனர். அவையே நற்சிந்தனை என்னும் தொகுப்பாயின. 1930களின் நடுப்பகுதியில் சிவதொண்டன் என்னும் திங்களிதழ் அவர் அருளால் தோன்றியது. அறிந்துவிட்டோம் என்னும் செருக்கை அறுப்பதே அவர் போதனையின் சாரம். அத்தகைய ஒருவரைப் பற்றி எல்லாம் அறிந்தவர்போல் கதை சொல்வது எவ்வளவு முரண்!

1961ஆம் ஆண்டு, தம் பசுவுக்குத் தீனி கொடுக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். எஞ்சிய காலத்தை நடமாட்டம் குன்றிய நிலையில் கழித்து, 1964ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் நாள் மறைந்தார். கதைகளோ மறையவில்லை. 1949இல் அவரைக் கண்டு சென்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி ஹவாய்த் தீவில் மடம் அமைத்தார். சுவாமிகள் அங்கே குருபரம்பரையில் வைத்து வணங்கப்படுகின்றார். 1995இல் யாழ்ப்பாணத்து மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபொழுது, வீட்டையும் ஏட்டையும் விட்டு வந்தோர் பலரிடம் எஞ்சியது நெஞ்சில் இருந்த கதையே. ஆதலின் கதைகளை வெறும் புனைவென்று தள்ள நான் துணியேன். ஊர் இழந்தார்க்கு அவை ஊராய் நின்றன.

எனினும் ஓர் இழப்பு உண்டு. அற்புதங்கள் பெருகப் பெருக, இரணைமடுவில் கணக்கெழுதிய இளைஞர் மங்கிப்போகின்றார். பிறக்கும்பொழுதே சித்தராய்ப் பிறந்தவர் என்று கேட்கும் மாணவன் வணங்குவான்; பின்பற்ற முயலான். பண்டகசாலைக் காப்பாளர் ஒருவர் இடையறா முயற்சியால் அந்நிலை எய்தினார் என்று கேட்பவனுக்கோ, தன் முன்னும் ஒரு வழி திறந்திருப்பது தெரியும்.

மேசையைச் சுற்றி ஆடுவோர் தாம் ஆடுவது ஆட்டம் என்பதை அறிவர். மறுக்கலாகாது என்னும் விதி அங்கே கற்பனைக்கு உரமூட்டும். வாழ்க்கை வரலாற்றில் அவ்விதி செல்லாது. நிகழ்ந்தது இது, சொல்லப்படுவது இது என்று பிரித்துக் காட்டுவது ஆசிரியர் கடன். இரண்டையும் மாணவர் முன் வையுங்கள். கதையைச் சுவைக்கட்டும், கணக்கேட்டோடு காட்டில் இருந்த அந்த மனிதரையும் அறிந்துகொள்ளட்டும்.