கணக்குக் கேட்ட கோகலே

நம் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளிலே உள்ளே வருகிற நெல் மூட்டைக்கும் கணக்கு உண்டு. வெளியே போகிற அரிசி மூட்டைக்கும் கணக்கு உண்டு. இரண்டும் ஒத்து வராவிட்டால் கணக்கப்பிள்ளைக்கு அன்றிரவு உறக்கம் இல்லை. மூட்டைக்கே இவ்வளவு என்றால் மனிதருக்கு? 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியர் ஒரு இலட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். இவர்களைப் பற்றி ஆட்சியாளரிடம் சட்டசபையில் நின்று கணக்குக் கேட்டவர் தமிழர் அல்லர், மராட்டியர். அவரே கோபால கிருஷ்ண கோகலே.

1866ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் இரத்தினகிரி மாவட்டத்துக் கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் கோவிந்தராவ் படிப்பை விட்டு, பதினைந்து ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலைக்குச் சென்றார். அதில் எட்டு ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். அந்த எட்டு ரூபாயைச் செலவழிக்கையில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்த்துப் பழகிய கைதான், பிற்காலத்தில் பேரரசின் வரவு செலவைப் புரட்டியது என்று எண்ணத் தோன்றுகிறது. 1884இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். பின்னர்ப் பூனா பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராகச் சொற்ப ஊதியத்தில் பணியாற்றினார். அவர் எழுதிய எண்கணித நூலைப் பள்ளிப் பிள்ளைகள் பல்லாண்டுகள் படித்தனர். நீதிபதி ரானடே அவருக்குக் குருவாக வாய்த்தார்.

1897இல் இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொல்ல இலண்டன் சென்றார். அப்போது அவர் வயது முப்பது. சாட்சியம் புகழ் தந்தது. ஆனால் அதே பயணத்தில் ஒரு பெருந்துயரும் நேர்ந்தது. பூனாவில் பிளேக் தடுப்புப் பணியின்போது வெள்ளைச் சிப்பாய்கள் பெண்களுக்குக் கொடுமை இழைத்தனர் என நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி அங்கே வெளியிட்டார். ஊர் திரும்பியபின் மெய்ப்பிக்கச் சாட்சி கிடைக்கவில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சொந்த நாட்டாரே ஏசினர். அதன்பின் அவர் பேச்சுகளில் ஆதாரமற்ற வரி ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

1902 மார்ச்சு 26இல் வைசிராயின் சட்டசபையில் அவர் ஆற்றிய முதல் வரவு செலவு உரை, அறிஞர் பலரையும் வியக்க வைத்தது. அக்காலச் சட்டசபை உறுப்பினருக்கு வரவு செலவைப் பற்றிப் பேச உரிமை உண்டு. தீர்மானம் கொண்டுவரவோ வாக்களிக்கவோ உரிமை இல்லை. வெறும் வாய்ச்சொல்லே கையிலிருந்த ஆயுதம். அரசினர் ஆண்டுதோறும் உபரி காட்டி மகிழ்ந்தனர். பஞ்சமும் பிளேக்கும் நாட்டை உருக்கும்போது கருவூலத்தில் மட்டும் பணம் மிஞ்சுமானால், அது செழிப்பின் அடையாளம் அன்று, மிகையான வரியின் அடையாளமே என்று அவர்கள் கொடுத்த எண்களைக் கொண்டே காட்டினார் கோகலே. மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903இல் இரண்டு ரூபாயாயிற்று, 1905இல் ஒன்றரை, 1907இல் ஒரு ரூபாய். அவர் ஒருவர் பேச்சாலேயே இது நடந்தது என்பது மிகை. ஆனால் ஆண்டு தவறாமல் அந்தக் கதவைத் தட்டியவர் அவர்.

1909ஆம் ஆண்டுச் சட்டம் தீர்மானம் கொண்டுவரும் உரிமையைத் தந்தது. 1910 பிப்ரவரி 25இல் கோகலே அதைப் பயன்படுத்தியது உப்புக்கோ துணிக்கோ அன்று, நேட்டாலில் வாடிய கூலிகளுக்காக!

அவர்கள் நிலை என்ன? ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பினால் ஆளுக்கு ஆண்டுதோறும் மூன்று பவுண்டு தலைவரி. முதலாண்டுக் கூலியில் அது ஆறு மாதச் சம்பளம்! கணவன், மனைவி, பருவம் வந்த மகன், மகள் என்று நால்வர் உள்ள குடும்பம் பன்னிரண்டு பவுண்டு கட்ட வேண்டும். நேட்டால் அரசு முதலில் கேட்டது இருபத்தைந்து பவுண்டு. மூன்று பவுண்டுக்கு இசைவளித்தவர் இந்திய வைசிராய் எல்கின் பிரபு. தன் குடிகள்மீது அயலான் வரி போடத் தானே கையொப்பமிட்ட அரசு இது. அதனிடம் கணக்குக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதைத் தடுக்க வேண்டும் என்ற அத்தீர்மானத்தை அரசு ஏற்றது. 1911 சூலை முதல் நாளோடு அந்தக் கப்பல்கள் நின்றன.

1912 மார்ச்சு 4இல் அடுத்த தீர்மானம்: எந்த நாட்டுக்கும் ஒப்பந்தக் கூலி முறையே கூடாது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதத்தில் ஆளனுப்பும் ஒழுங்கீனம், வேலைக்கு வராவிட்டால் சிறை என்னும் விதி, தோட்டங்களில் மலிந்த தற்கொலைகள் ஆகிய எல்லாவற்றையும் அரசின் அறிக்கைகளிலிருந்தே எடுத்து அடுக்கினார். ஆதரவு 22 வாக்கு, எதிர்ப்பு 33. அதிகாரிகளின் பெரும்பான்மை வென்றது. எனினும் 1910இன் வெற்றியைவிட இந்தத் தோல்வியே பெரிது என்பேன். இன்னொருவரிடம் சம்பளம் வாங்காத இந்திய உறுப்பினர் அன்று ஒரே அணியில் நின்றனர்.

அவ்வாண்டு அக்டோபரில் நீரிழிவு வாட்டிய உடலோடு தென்னாப்பிரிக்கா சென்றார். தலைவரி நீங்கும் என்ற உறுதியை அந்நாட்டு அமைச்சர்களிடம் பெற்றதாக நம்பினார். அமைச்சர்கள் மறுத்தனர். 1913இல் காந்தியடிகளின் தலைமையில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். தமிழ்ப் பெண்கள் சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் மாண்டாள். இங்கே கோகலே நோய்ப்படுக்கையையும் பொருட்படுத்தாமல் ஊர் ஊராகப் பணம் திரட்டி அனுப்பினார். 1914இல் தலைவரி ஒழிந்தது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நம் திருச்சி, சேலம், தஞ்சைப் பகுதி மக்கள் பெருந்தொகையாய்ப் போனது இலங்கைத் தோட்டங்களுக்கு, கங்காணிகளின் பின்னே. அதற்கு ஒப்பந்தச் சீட்டு இல்லை. கடன் சீட்டு உண்டு. ஆதலால் கோகலேயின் தீர்மானம் அவர்களைத் தொடவில்லை. அவர்கள் வழித்தோன்றல்களில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை இந்தியா ஏற்பதென்று 1964இல் உடன்படிக்கை ஆயிற்று. திருச்சி விமான நிலையத்தை அடுத்த கொட்டப்பட்டு முகாமை அறிந்த நமக்கு, கடல் கடந்தோர் கதை புத்தகக் கதை அன்று.

கோகலே 1915 பிப்ரவரி 19இல் மறைந்தார். வயது 48. அவர் தோற்ற தீர்மானத்தை 1916இல் மாளவியா மீண்டும் கொண்டுவர, ஹார்டிஞ்சு பிரபு ஏற்றார். 1917இல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1920இல் முறை முற்றும் ஒழிந்தது. கோகலே 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயின்ற வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாருக்கு வந்தது. 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவர் அவரே.