கிதார் வாசிக்கத் தெரியாத கிதார் மேதை

மேடைகளில் முழங்கும் மின்சார கிதாருக்கு உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் லியோ ஃபெண்டர். ஆனால் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது!

1909-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்த லியோ, எட்டு வயதில் கட்டி ஒன்றினால் ஒரு கண்ணை இழந்தார். பின்னர் கணக்கர் உத்தியோகம் பார்த்தார். பொருளாதார மந்தத்தில் அதுவும் பறிபோயிற்று. கடன் வாங்கி, 1938-ல் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். கலைஞர்கள் ரிப்பேருக்குக் கொண்டுவந்த கருவிகளே அவருக்குப் பாடமாயின.

மின்சார கிதாரின் உயிர், தந்திகளுக்கு அடியிலுள்ள ‘பிக்கப்’. ஆறு சிறு காந்தங்களைச் சுற்றி, தலைமயிர் போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். உருக்குத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கும். ஒலிபெருக்கியில் அதுவே நாதமாகும். தந்தியின் முனையருகே உள்ள பிக்கப் கணீரென்றும், கழுத்துப் பக்கம் உள்ளது கனமாகவும் ஒலிக்கும். ஒற்றைச் சுருளாதலால் சற்று இரைச்சலும் உண்டு. 1954-ல் வெளிவந்த ‘ஸ்ட்ராட்டோகாஸ்டரில்’ லியோ மூன்று பிக்கப்புகளைப் பொருத்தினார்.

உடல்நலம் குன்றவே, 1965-ல் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு குணமடைந்து மறுபடி கிதார் செய்யத் தொடங்கியபோது, அவற்றில் தம் சொந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமை அவரிடம் இல்லை. ஆனாலும் 1991-ல் மறையும்வரை பட்டறையை விடவில்லை.