இருட்டில் மணி சொன்ன கடிகாரம்

நள்ளிரவில் திடீரென்று விழித்துக் கொண்டால் மணி பார்க்க என்ன செய்வீர்கள்? சுவிட்சைப் போட்டு விளக்கை எரிய விடுவீர்கள். 250 ஆண்டுகளுக்கு முன்பு மின்விளக்கும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. அந்தக் காலத்துப் பணக்காரர்களுக்குக் கைகொடுத்தது, 'ரிப்பீட்டர்' என்ற சட்டைப்பைக் கடிகாரம்.

அதன் தலையிலுள்ள குமிழை அழுத்தினால் போதும், மணி அடித்துக் காட்டும். இப்போது 8.45 என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் எட்டு முறை 'டிங்' என்று ஒலிக்கும். பிறகு, ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு 'டிங்-டாங்' வீதம் மூன்று முறை ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டே நேரத்தைக் கணக்கிட்டு விடலாம்!

ஆனால், ஒலி எழுப்ப உள்ளே ஒரு சிறிய மணியை வைத்ததால், கடிகாரம் தடிமனாக இருந்தது. இந்தக் குறையைத் தீர்த்தவர் ஆபிரகாம் லூயி பிரெகே.

இவர், இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள நியூஷாட்டல் நகரில், 1747ல் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். கடிகாரத் தொழில் கற்க, 15 வயதில் பிரான்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே வேலை பழகிக்கொண்டே கணக்கும் படித்தார். 1775ல் பாரிசில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

1783ல், மணிக்குப் பதிலாக, வளைத்த எஃகுக் கம்பி ஒன்றைக் கடிகாரத்தின் உள்விளிம்பை ஒட்டிப் பொருத்தினார். சிறு சுத்தியல் அதைத் தட்டியதும் இனிய ஓசை எழுந்தது. கடிகாரமும் மெலிந்தது!

பிறகு, கைவினைஞர்கள் பலர் இந்தக் கம்பியைப் பயன்படுத்தித் தங்கக் கடிகாரங்களில் வேடிக்கை காட்டினர். முகப்பில் இரண்டு குட்டி உருவங்கள் சுத்தியலுடன் நிற்கும். குமிழை அழுத்தினால், கையை உயர்த்தி மணியடிக்கும். உண்மையில் அவை அடிப்பது போல் நடிக்கின்றன. ஓசை வருவதோ, உள்ளே மறைந்திருக்கும் கம்பியிலிருந்து!

அதே 1783ல் பிரெகேவுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பிரான்ஸ் ராணி மேரி அன்டாய்னெட்டுக்காக, அதுவரை யாரும் செய்யாத அளவு நுட்பமான கடிகாரம் ஒன்று வேண்டும். செலவுக்கும் காலத்துக்கும் வரம்பில்லை. பிரெகே வேலையைத் தொடங்கினார். ஆனால், 1789ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793ல் ராணி கொல்லப்பட்டார். பிரெகேவின் உயிருக்கும் ஆபத்து என்ற நிலையில், அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார்.

1795ல் பாரிஸ் திரும்பியவர், மீண்டும் பட்டறையை நடத்தத் தொடங்கினார். ராணியே இல்லை, இனி அந்தக் கடிகாரம் எதற்கு என்று அவர் தூக்கிப் போட்டுவிடவில்லை. வேறு வேலைகளுக்கு இடையே அதையும் தொடர்ந்தார். 1823ல் பிரெகே மறைந்தபோதும் வேலை முடியவில்லை. அவருடைய மகனின் பொறுப்பில் இருந்த பட்டறை, 1827ல் அதை முடித்தது. மொத்தம் 44 ஆண்டுகள்!

அந்தக் கடிகாரம் 1983ல் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் திருடு போனது. அது திரும்பக் கிடைத்த செய்தி 2007ல் வெளியானபோது, உலகமே வியந்தது.

பார்த்தீர்களா, குழந்தைகளே! அந்தக் கடிகாரம் முழுமையடைந்ததை ராணியும் பார்க்கவில்லை, பிரெகேவும் பார்க்கவில்லை. ஆனாலும், எடுத்த வேலையை அவர் பாதியில் விடவில்லை. நீங்களும் பாதியில் வைத்துவிட்ட வேலை ஏதாவது இருக்கிறதா? இன்றே அதைக் கையில் எடுங்கள்!