ஓரணாச் சிற்றுண்டி

அசோக் நகர் மகளிர் பள்ளிக்கு ஒருநாள் முதலமைச்சராகச் சென்ற மு.க. ஸ்டாலின், காலையில் உண்டீர்களா என்று மாணவியரை விசாரித்தார். உண்ணாமல் வந்தோர் பலர்! அந்தப் பதில் நெஞ்சைத் தைத்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள், 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கிற்று. நாடறிந்த செய்திதான். ஆனால் அதே அசோக் நகருக்குக் கூப்பிடு தூரத்தில், பேருந்துப் பலகையிலே ஒற்றை எழுத்தாய்ச் சுருங்கிவிட்ட ஒரு பெயர் உண்டே, அதை நாம் எண்ணினோமா? டி. நகர் என்கிறோம். அந்த டி, தியாகராயர்!

1852இல் பிறந்தவர் பிட்டி தியாகராயர். பட்டம் பெற்றவர், தறிகள் ஓடும் நெசவாலை வைத்திருந்த செல்வர். வெண்ணிற ஆடையன்றி வேறு உடுத்தாததால் வெள்ளுடை வேந்தர் என்றனர். சென்னை மாநகராட்சியில் ஏறத்தாழ 40 ஆண்டு உறுப்பினர். 1916இல் டாக்டர் நாயருடனும் நடேசனாருடனும் கூடி நீதிக்கட்சியைக் கண்டவர். 1920இல் கட்சி வென்றது. முதலமைச்சர் பதவி வாயில் தேடி வந்தது. வேண்டாமென்றார்! சுப்பராயலு ரெட்டியாருக்கு விட்டுக்கொடுத்தார். பதவிக்காகப் பல்லிளிப்போர் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

அவர் விடாது பற்றிய நாற்காலி, மாநகராட்சித் தலைவர் நாற்காலி. அங்கிருந்துதான் ஆயிரம் விளக்குப் பள்ளியைப் பார்த்தார். ஏழைப் பிள்ளைகள், பசியால் வருகை குறைகிறது, பள்ளியோ தேய்கிறது. 1920 செப்டம்பரில் மன்றத்திலே தீர்மானம் வந்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் இலவசச் சிற்றுண்டி! 165 பிள்ளைகள் உண்டனர். தருமசத்திரத்துச் சோறன்று அது. மக்கள் வரிப்பணத்தில், மன்றத் தீர்மானத்தின் பேரில், உரிமையோடு இடப்பட்ட சோறு.

மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று. விளைவு? 1922-23இல் இந்த ஐந்து பள்ளிகளிலும் 811 பேர். 1924-25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இருமடங்கு!

நீதிக்கட்சியை வெள்ளையனின் வால் என்று ஏசியோர் உண்டு. தியாகராயர் வெள்ளையரோடு நட்புப் பாராட்டியதும் உண்மை, மறைப்பானேன்? அந்த வெள்ளை அரசு என்ன செய்தது? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக்கூடாதென்று 1925 ஏப்ரல் 1 முதல் தடுத்தது. கணக்கு வென்றது, கலயம் கவிழ்ந்தது.

அதே 1925இல் தியாகராயரும் மறைந்தார். ஈராண்டு கழித்து மாநகராட்சி மீண்டும் அடுப்பை மூட்டிற்று. இம்முறை 25 பள்ளிகள், ஏறத்தாழ 1,000 ஏழைப் பிள்ளைகள். பார்க்க அவர் இல்லை.