மூடி வைக்க மறுத்த தாய்



பத்தாவது படிக்கும் என் மகள் பேச்சுப் போட்டிக்காக ஒரு அம்மாவின் கதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதில், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். அந்த அம்மாவின் பெயர் மேமி டில்.

1921-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். இவருக்கு இரண்டு வயசாகும்போது பெற்றோர் பிழைப்புக்காகச் சிகாகோ பக்கம் வந்துவிட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரி. பதினெட்டு வயதில் கல்யாணம். 1941-ல் மகன் எம்மெட் பிறந்தான். கணவரோடு ஒத்துவராமல் பிரிந்து, ஆபீஸ் வேலைக்குப் போய் பிள்ளையை வளர்த்தார்.

1955 ஆகஸ்ட் மாதம், பள்ளி லீவுக்கு 14 வயது எம்மெட், மிசிசிப்பியில் இருந்த தாத்தா முறை உறவினர் வீட்டுக்குப் போனான். அங்கே வெள்ளையர்களிடம் ஜாக்கிரதையாக நடக்கணும் என்று ஆயிரம் புத்தி சொல்லித்தான் அனுப்பினார் மேமி. கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தப்பாக நடந்தான் என்று பழி. ஆகஸ்ட் 28 ராத்திரி, அவளுடைய கணவனும் அவன் அண்ணனும் வீடு புகுந்து பையனை இழுத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்து ஆற்றில் உடல் கிடைத்தது. முள்கம்பியால் கழுத்தில் கனமான இரும்பு விசிறி கட்டியிருந்தது. விரலில் இருந்த அப்பாவின் மோதிரத்தை வைத்துத்தான் அடையாளமே தெரிந்தது.

அங்கேயே அவசரமாகப் புதைத்துவிடப் பார்த்தார்கள். மேமி விடவில்லை, சிகாகோவுக்கு வரவழைத்தார். திறக்கக் கூடாது என்ற பெட்டியைத் திறக்க வைத்தார். சிதைந்த முகத்தைச் சரிசெய்கிறோம் என்றதற்கும் வேண்டாம் என்றார். தன் பிள்ளைக்கு நடந்ததை ஊரே பார்க்கட்டும் என்று பெட்டியைத் திறந்தே வைத்தார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஜெட் பத்திரிகையில் படம் வந்ததும் நாடே அதிர்ந்தது.

கோர்ட்டில் போய்ச் சாட்சியும் சொன்னார். ஆனால் பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகள் 67 நிமிடத்தில் இருவரையும் விடுவித்தார்கள். சில மாதத்தில் அவர்களே ஒரு பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள்! சட்டப்படி மறுபடி விசாரிக்க முடியாதாம்.

மேமி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்த நவம்பரில் மான்ட்கோமரி நகரில் இந்தக் கொலை பற்றி நடந்த கூட்டத்தில் ரோசா பார்க்ஸ் இருந்தார். நாலே நாளில், டிசம்பர் 1 அன்று, பஸ்ஸில் இடம்விட மறுத்துக் கைதானார். 381 நாள் பஸ் புறக்கணிப்பு அதிலிருந்து பிறந்தது.

மேமி பிறகு படித்து டீச்சராகி, 1983 வரை ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 2003-ல் 81 வயதில் காலமானார். கும்பல் கொலைக்கு எதிரான மத்தியச் சட்டம் 2022-ல் அவர் மகன் பெயரில் வந்தது. 2023-ல் தாய், மகன் இருவர் பெயரிலும் தேசிய நினைவிடம் அறிவித்தார்கள்.

தோழியரே, புருஷனிடம் அடி வாங்கி வந்த என் தங்கையிடம், வெளியே தெரிந்தால் மானம் போயிடும், பொறுத்துக்கோ என்று சொன்னவள் நான். மூடி மறைத்ததில் யாருக்கு லாபம்? அடித்தவனுக்குத்தானே! அன்று ராத்திரியே அவளுக்குப் போன் போட்டு, கிளம்பி வாடி, நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.