முப்பது ரூபாய் குமாஸ்தாவும் பூண்டி டீக்கடையும்



போன மே மாதம் நம் குடியிருப்பிலிருந்து வேன் வைத்துக்கொண்டு கொடைக்கானல் போனோம். வந்தவர்களுக்குப் பூண்டி நினைவிருக்கும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி, தூண் பாறை எல்லாம் கூட்டத்தில் இடிபட்டுப் பார்த்து முடித்தபின், மூன்றாம் நாள் பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் பூண்டிக்குப் போனோம். மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். சீசன் கூட்டம் அவ்வளவாக எட்டிப் பார்க்காத ஊர்.

அங்கே ஒரு டீக்கடையில் இறங்கினோம். 23 பேர். டீ, பால், பஜ்ஜி, பிஸ்கட் என்று ஆளுக்கொன்று கேட்டோம். கடைக்காரர் பேப்பரைத் தேடுவதற்குள், அடுப்படியில் நின்றிருந்த அவருடைய மகள் மொத்தத்தைச் சொல்லிவிட்டாள். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்று பிரித்தும் சொன்னாள். முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜர் கூட்டியவன் நான். நம்பாமல் மறுபடி கூட்டிப் பார்த்தேன். பைசா பிசகவில்லை. ஏழாம் வகுப்பு முடித்து எட்டாவது போகப் போகிறாளாம்.

அந்தக் குழந்தையைப் பார்த்ததும் எனக்குக் கணிதமேதை ராமானுஜன் ஞாபகம் வந்தார். சிரிக்காதீர்கள். வேகமாகக் கூட்டுவது வேறு, கணிதமேதை ஆவது வேறு என்பது பி.காம். படித்த எனக்கும் தெரியும். அவர் வாழ்க்கையில் கை கொடுத்த மனிதர்களை நினைத்துத்தான் சொன்னேன். அந்தக் கதையை முழுதாக ஒருமுறை கேளுங்கள்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள். வீட்டில் மாணவர்களை வாடகைக்கு வைத்துச் சோறு போட்டுத்தான் மிச்சச் செலவைச் சமாளித்தார்கள். 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, மறு வருடம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சீக்கிரமே அவர்களிடம் சரக்கு தீர்ந்துபோனது. லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தை 13 வயதுக்குள் கரைத்துக் குடித்துவிட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாராட்ட வேண்டும். கணக்கு ஆசிரியர் கணபதி சுப்பையர், சுமார் 1,200 மாணவர்களும் 35 ஆசிரியர்களும் இருந்த பள்ளிக்கு வகுப்பு அட்டவணை போடும் வேலையை இந்தப் பையனிடம் கொடுத்தார். கிளையில் பத்துப் பேருக்கு லீவு அட்டவணை போட்டவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்வார்கள். 1904இல் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் அவருக்கு ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்தபோது, நூற்றுக்கு நூறு என்ற அளவுகோலே இவனுக்குப் போதாது என்ற பொருளில் சபையில் பேசினாராம். இன்று எந்தப் பள்ளியில் இப்படிச் சொல்வார்கள்? மற்ற பாடத்தில் மார்க் ஏன் குறைந்தது என்றுதான் முதலில் கேட்போம். நானும் என் பிள்ளையிடம் அதைத்தான் கேட்டேன்.

இதற்கிடையில் 1903இல் கார் என்பவர் தொகுத்த ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வரிசையாக. ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்கத் தொடங்கினார். அதோடு மற்ற பாடங்கள் போச்சு.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் உதவித்தொகை என்பது விதி. நின்றுபோனது. 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். அடுத்த வருடம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோல்வி. உடலியல் பாடம் அவருக்கு எட்டிக்காய். 1909இல் ஜானகியோடு கல்யாணம். கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. பேப்பர் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார்.

1910இல் திருக்கோவிலூர் போய், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய டெபுடி கலெக்டர் ராமசுவாமி ஐயரைப் பார்த்தார். அவர் வழியாகச் சேஷு ஐயர், அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் தன் கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். சும்மா வாங்குவது ராமானுஜனுக்கு உறுத்தியது. வேலை வேண்டும் என்றார். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஆனார். சம்பளம் 30 ரூபாய்.

இந்த இடத்துக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். என்ன இருந்தாலும் அவரும் நம்ம இனம்! அலுவலகத்தில் அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் தானே ஒரு கணித அறிஞர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ராமானுஜன் தாண்டித் தாண்டிப் போகும் படிகளை ஒவ்வொன்றாகப் பேசித் தெளிவுபடுத்தினார்கள். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் குமாஸ்தாவின் நோட்டுகளைப் பலரிடம் காட்டினார். எனக்கு வாய்த்த மேலதிகாரிகளில் ஒருவர், ரசீதின் பின்புறம் நான் கவிதை எழுதியதற்கு மெமோ கொடுத்தார். கவிதையும் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை, அது வேறு விஷயம்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் நடந்தது பலருக்குத் தெரியாது. கொடைக்கானலில் நாம் சூரிய ஆய்வகத்தைப் பார்த்தோம் அல்லவா? 1899இல் நிறுவப்பட்டது. அது உள்பட இந்திய வானாய்வகங்களுக்கெல்லாம் அப்போது தலைமை இயக்குநர் கில்பர்ட் வாக்கர். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டவர். பிப்ரவரியில் அவர் சென்னை வந்தபோது ஸ்பிரிங் அந்த நோட்டுகளைக் காட்டினார். வாக்கர் தள்ளிப் போடவில்லை. உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். வயிற்றுப்பாட்டுக் கவலையில்லாமல் இவர் சில வருடமாவது கணக்கு மட்டும் போட வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா என்ற கேள்வி எழுந்தது. அதையும் மீறி மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு அனுமதித்தார்கள். எட்டு வருடம் முன்பு ஒரு விதி அவரைத் தெருவில் விட்டது. இப்போது அதே போன்ற ஒரு விதியைத் தளர்த்த ஆள் இருந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார். போர்க்காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், நோய். அதற்கு நடுவே 1916இல் பட்டம், 1918இல் ராயல் சொசைட்டியிலும் டிரினிட்டி கல்லூரியிலும் பெல்லோ. 1919இல் எலும்பும் தோலுமாகத் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்து, திருவல்லிக்கேணியில் 1994 வரை வாழ்ந்தார்.

ஒரு சின்னக் கணக்கு. கல்லூரி உதவித்தொகை நின்றதிலிருந்து ராமச்சந்திர ராவ் பணம் கொடுக்கும் வரை சுமார் ஐந்து வருடம். 32 வருட வாழ்வில் ஐந்து!

இப்போது பூண்டிக்கு வருகிறேன். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்களுக்கு என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மொத்தம் 48,000. விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் மூலமாகப் போகும். அந்த டீக்கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பனிமூட்டம் இறங்குகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்தார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். போன் நம்பர்கூட வாங்கவில்லை. வாக்கர் உடனே உட்கார்ந்து கடிதம் எழுதியதை நினைக்கும்போதெல்லாம் இது குத்துகிறது.

அந்தப் பெண் இந்த வருடம்தான் எட்டாவது. அதனால் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மறுபடி பூண்டி போகிறேன். மாதிரி வினாத்தாள்கள், வருமானச் சான்றுக்கும் வங்கிக் கணக்குக்கும் என்னென்ன தேவை என்று எழுதிய காகிதம், இரண்டையும் எடுத்துப் போகிறேன். நம் காவலாளிகள், வீட்டு வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளில் எட்டாவது படிப்பவர்கள் இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் சங்க அறையில்தான் இருப்பேன்.

காரில் இரண்டு இடம் இருக்கிறது. கணக்கு சொல்லித்தரத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. கம்பளி மறக்காதீர்கள், போன தடவை நான் மறந்து நடுங்கினேன்.