ஓடுதடமும் ஆடுகளமும்

நூறு மீட்டர் ஓட்டத்தில் உலகை வென்ற ஒருவர் பந்தாட்டக் களத்திலும் வெல்ல இயலுமா? 1960களில் அமெரிக்க விளையாட்டு உலகில் இவ்வினா எழுந்தபோது, இயலாது என்போரே மிகுதியாக இருந்தனர். அதற்குக் காரணமும் இருந்தது. 1961இல் நூறு கெஜத் தொலைவை 9.2 விநாடிகளில் கடந்து உலகச் சாதனை படைத்த ஃபிராங்க் பட், மறு ஆண்டே தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் அடியெடுத்து வைத்தார். இரண்டு பருவங்களிலேயே அவருடைய ஆட்டம் முடிந்துபோயிற்று. வேகம் ஒன்றே போதாது என்பதற்கு அவரையே சான்று காட்டினர். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்தவர் பாப் ஹேய்ஸ்.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும், நூறு கெஜ நீளமுள்ள களத்தின் எதிர் எல்லைக்கு அப்பால் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். அணிக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை ஏந்தியவரை எதிரணியினர் உடலால் மோதி வீழ்த்துவது அங்கே குற்றமன்று. ஆட்டத்தின் இயல்பே அதுதான். ஆகவே வீரர்கள் தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்தே களம் இறங்குவர். ஒருவர் பந்தை எறிய, தொலைவில் ஓடிச் சென்று அதனைப் பிடிப்பவரைப் 'பெறுநர்' எனலாம். விரைவோட்ட வீரருக்குத் தனித்தடம் உண்டு. குறுக்கே வருவார் எவருமில்லை. பெறுநருக்கு அந்த வசதி இல்லை. ஓடும்போதே அவர் திசை மாற வேண்டும். தலையைத் திருப்பிப் பந்தைக் காண வேண்டும். எந்த நொடியிலும் ஒருவர் வந்து மோதுவார் என்று அறிந்தும் கைகளைப் பந்தின்மீதே வைத்திருக்க வேண்டும்.

ராபர்ட் லீ ஹேய்ஸ் 1942ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் பிறந்தார். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த காலம் அது. கறுப்பின மாணவர்கள் பயின்ற மேத்யூ கில்பர்ட் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணியில் அவர் இடம்பெற்றார். 1958இல் அவ்வணி ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்றது. பின்னாளில் உலகின் மிக விரைவான மனிதர் எனப்பட்டவர், அந்த அணியில் மாற்று வீரராகவே இருந்தார்.

ஃபுளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உதவித்தொகை கிடைத்ததும் கால்பந்துக்காகத்தான். அங்குப் பயிற்றுநராக இருந்த ஜேக் கெய்தர், ஹேய்ஸைத் தம் அணியின் ஆட்டக்காரராகவே கண்டார். ஓட்டப் பயிற்சிக்கென அவரை விடுவிக்க எளிதில் மனம் ஒப்பவில்லை. எனினும் அவரது ஓட்டம் மறைத்து வைக்கக்கூடியதாக இல்லை. 1962இல் நூறு கெஜ உலகச் சாதனையைச் சமன் செய்தார். 1963இல் அதனை 9.1 விநாடியாகக் குறைத்தார். பார்ப்பதற்கு அழகான ஓட்டமன்று அது. பாதங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும். திரண்ட தோள்கள் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடும். ஓட்டக்கலை அறிந்தோர் குறையெனச் சுட்டிய அவ்வுடற்கட்டே, பின்னர் மோதல்களைத் தாங்க அவருக்குத் துணை செய்தது எனலாம்.

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டி அக்டோபர் மாதத்தில் நடைபெற்றது. நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஹேய்ஸுக்குக் கிடைத்தது முதலாம் தடம். செயற்கைத் தளம் வழக்கத்திற்கு வராத அந்நாளில், விரைநடைப் போட்டியாளர்களின் கால்பட்டு உட்புறத் தடம் குலைந்து கிடந்தது. போதாக்குறைக்கு அவருடைய காலணிகளுள் ஒன்றைக் காணவில்லை. சக வீரர் ஒருவரிடம் ஒற்றைக் காலணியை இரவல் பெற்று அணிந்துகொண்டு தொடக்கக் கோட்டில் நின்றார். பத்து விநாடிகளில் அனைத்தும் முடிந்தது. உலகச் சாதனையைச் சமன் செய்த அவ்வோட்டத்தில், இரண்டாவதாக வந்த கியூபாவின் என்ரிக்கே ஃபிகரோலா அவருக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் பின்தங்கியிருந்தார்.

ஆனால் டோக்கியோவைப் பற்றிப் பேசுவோர் இன்றும் வியந்து கூறுவது தொடரோட்டத்தைத்தான். நால்வர் நூறு நூறு மீட்டராக ஓடும் அப்போட்டியில் அமெரிக்க அணியின் கடைசி ஓட்டக்காரர் ஹேய்ஸ். கோல் அவர் கைக்கு வந்தபோது அணி ஐந்தாம் இடத்தில் இருந்தது. ஓட்டம் முடிந்தபோது எஞ்சிய அணிகள் ஏறத்தாழ மூன்று மீட்டர் பின்னால் இருந்தன. அணியின் நேரம் 39.0 விநாடி என்னும் புதிய உலகச் சாதனை ஆயிற்று. ஹேய்ஸ் ஓடிய பகுதியின் நேரத்தைப் பலர் பலவாறு குறித்துள்ளனர். அவற்றுள் எதுவும் ஒன்பது விநாடியை எட்டவில்லை. அதன்பின் அவர் ஓடுதடத்திற்குத் திரும்பவில்லை. அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்று.

டல்லஸ் கவ்பாய்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரை முன்னரே தெரிவு செய்து வைத்திருந்தது. கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தெரிவு செய்யும் முறையில், ஏழாவது சுற்றில்தான் அவர் பெயர் எடுக்கப்பட்டது. அவருக்கு முன்னால் எண்பத்தேழு பேர் தெரிவு செய்யப்பட்டிருந்தனர். ஓட்டவீரர்மீது அக்கால அணிகள் கொண்டிருந்த ஐயத்தின் அளவு அது.

1965இல் களம் இறங்கிய முதற்பருவத்திலேயே ஹேய்ஸ் 46 பந்துகளைப் பிடித்து 1,003 கெஜம் முன்னேறினார். ஒரு பந்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 22 கெஜம். பெறுநர் பந்தைப் பிடித்து எல்லைக்கோட்டைக் கடக்கும் 'டச் டவுன்' பன்னிரண்டு எடுத்தார். லீகிலேயே அது மிகுதியான எண்ணிக்கை. மறு ஆண்டு அதனைப் பதின்மூன்றாக உயர்த்தினார். அதுவரை தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஒரு பெறுநரைப் பின்தொடர்ந்து காப்பதே பெருவழக்கு. ஹேய்ஸை அவ்வாறு தொடர எவராலும் இயலவில்லை. எனவே, ஆளைக் காப்பதை விடுத்துக் களத்தைப் பகுதிகளாகப் பிரித்து, அவரவர் பகுதிக்குள் வருவோரைக் காக்கும் முறையை அணிகள் பெரிதும் கைக்கொள்ளலாயின. அவர் வேகம் எடுக்குமுன்பே மார்பில் மோதித் தடுத்து நிறுத்தும் உத்தியும் பரவியது. தனியொருவரின் கால்களுக்கு அஞ்சி ஓர் ஆட்டமே தன் காவல்முறையைத் திருத்திக்கொண்டது. பந்து எறியப்படுமுன் பெறுநரை ஐந்து கெஜத்திற்கு அப்பால் மோதித் தடுக்கலாகாது என்னும் விதி 1978இல் வந்தது. அதற்குள் ஹேய்ஸ் ஆட்டத்தைவிட்டு விலகியிருந்தார்.

அவர் ஆட்டத்தில் குறையே இல்லை என்பதன்று. 1967ஆம் ஆண்டின் இறுதி நாளன்று கிரீன் பே நகரில் கவ்பாய்ஸ் அணி பேக்கர்ஸ் அணியை எதிர்கொண்டது. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 25 பாகை செல்சியஸ். ஃபுளோரிடாவின் வெயிலில் வளர்ந்த ஹேய்ஸ், தமக்குப் பந்து வாராது எனத் தெரிந்த வேளைகளில் குளிர் தாங்காமல் கைகளைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டார். எதிரணியினர் அதனைக் கண்டுகொண்டனர். கைகள் உள்ளே இருந்தால் அவரைக் காக்க வேண்டியதில்லை. வெளியே இருந்தால் பந்து அவருக்குத்தான். கவ்பாய்ஸ் 17-21 எனத் தோற்றது. ஓடுதடத்தில் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. களத்திலோ வேகத்தோடு எண்ணத்தையும் சுமந்து ஓட வேண்டும். அதனை ஒருவர்க்கும் காட்டவும் கூடாது.

1972ஆம் ஆண்டு ஜனவரியில் கவ்பாய்ஸ் மயாமி அணியை 24-3 என வென்று சூப்பர் பௌல் பட்டத்தைப் பெற்றது. ஒலிம்பிக் பொன்னும் சூப்பர் பௌல் வெற்றியும் ஒருங்கே பெற்றவர் இன்றளவும் ஹேய்ஸ் ஒருவரே. முயன்றவர் இல்லாமலில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டரை 9.95 விநாடியில் ஓடிப் பொன் வென்ற ஜிம் ஹைன்ஸ், தொழில்முறை ஆட்டத்தில் பிடித்த பந்துகள் மொத்தம் இரண்டு. அதே ஒலிம்பிக்கில் இருநூறு மீட்டர் வென்ற டாமி ஸ்மித் பிடித்தது ஒன்றே ஒன்று. டோக்கியோவில் இருநூறு மீட்டர் வென்ற ஹென்றி கார் மட்டும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரராக மூன்று பருவங்கள் நின்றார். கால்கள் இவர்கள் எல்லோர்க்கும் இருந்தன. சிறுவயது முதல் பந்தோடும் மோதலோடும் பழகிய கைகள் ஹேய்ஸுக்கு இருந்தன.

1975இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு மாற்றப்பட்ட அவர், அப்பருவத்தோடு ஓய்ந்தார். 371 பந்துகள், 7,414 கெஜம், 71 டச் டவுன்கள் என அவர் கணக்கு நிறைவுற்றது. அதன்பின் வந்த ஆண்டுகள் கசப்பானவை. மதுப்பழக்கம் அவரைப் பற்றியது. மாறுவேடத்திலிருந்த காவலரிடம் போதைப்பொருள் சேர்ப்பித்த வழக்கில் 1979இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து மாதங்கள் சிறையில் இருந்தார். பின்னர்த் தம் பல்கலைக்கழகத்திற்கே திரும்பி, விட்டுப்போன பட்டப்படிப்பை முடித்தார்.

சிறைவாசம் முடிந்தாலும் அதன் நிழல் முடியவில்லை. ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் உள்ள கால்பந்துப் புகழரங்கு, களத்தில் ஆடிய ஆட்டத்தை மட்டுமே கருத வேண்டும் என்பது அதன் நெறி. ஆயினும் அவரினும் குறைந்த கணக்குடையோர் உள்ளே செல்ல, ஹேய்ஸ் ஆண்டுதோறும் வெளியே நின்றார். வழக்கே அதற்குக் காரணம் எனப் பலர் கருதினர். 2001இல் டல்லஸ் அணி தன் அரங்கில் அவர் பெயரைப் பொறித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், சிறுநீரகம் செயலிழந்து ஜாக்சன்வில்லில் அவர் காலமானார். 2004இல் அவர் பெயர் மீண்டும் புகழரங்கின் வாக்கெடுப்புக்கு வந்து தள்ளப்பட்டது. 2009இல் ஏற்கப்பட்டது. அவர் மறைந்து அப்போது ஏழாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.